பள்ளிப் பிள்ளைகளும் “புதுநன்மை”யும்

(அம்பத்தூரில் கூடிய தோழர்களிடையே செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிக்கூடங்களில் படிக்கும் சிறு பிள்ளைகளுக்கு மத விசுவாசத்தை ஊட்டி, பாவசங்கீர்த்தனம், புதுநன்மை முதலிய சடங்குகளுக்கு அவர்களை ஆயத்தப்படுத்தும் ஏற்பாட்டைப் பற்றியதாகும். “சுயமரியாதைக்காரர்களுக்கும் மாதாகோவில் உபதேசத்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் நிரம்ப உண்டு. குழந்தை யார் வீட்டுக் குழந்தையானாலும் அதன் அறிவு எந்தப் பக்கம் திருப்பப்படுகின்றது என்பது நம் எல்லோருக்கும் உரிய கவலையாகும்.

அன்றியும், நாம் குடியிருக்கும் இந்தப் பிரதேசத்தின் நிலைமையையே பாருங்கள். 1949-ல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. பிறகு தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலை வந்தது. பல ஜில்லாக்களிலிருந்தும் ஜனங்கள் பிழைப்புக்காக இங்கு வந்து குடியேறினார்கள். அவர்களில் கத்தோலிக்கர்களும் உண்டு. அவர்கள் பின்னால் மாதாகோவில்கள் வந்தன. மாதாகோவில்களை ஒட்டிப் பள்ளிக்கூடங்களும் வந்தன. பூந்தமல்லியிலோ ஆர்ச் பிஷப் மத்தியாஸ் அவர்கள் காலத்தில் 1936-லேயே பாதிரிமாரைப் பயிற்றும் திரு இருதயக் குருமடம் ஏற்பட்டு இன்றும் நடந்துவருகின்றது. இந்தப் பள்ளிக்கூடங்களில் இடம் பிடிப்பதற்காக நெற்றியில் விபூதி இட்டவரும், நாமம் போட்டவரும், தொப்பி வைத்தவரும், நம்முடைய கருப்புச் சட்டைத் தோழர்களும் ஒரே வரிசையில் நிற்கின்றார்கள். ஆகவே அங்கு என்ன நடக்கின்றது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியமாகின்றது.

ஒரு மதத்தைத் திட்டிவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போவதற்காக நாம் இங்கு வரவில்லை. என்ன கற்பிக்கப்படுகின்றது, எந்த வயதில் கற்பிக்கப்படுகின்றது, யாருடைய சம்மதத்தின்மீது கற்பிக்கப்படுகின்றது என்கின்ற மூன்று கேள்விகளை மாத்திரம் கேட்டுப் பார்ப்போம்.

ஏற்பாடு என்ன?

கத்தோலிக்க மதத்தில் ஏழு சாதனங்கள் உண்டு. பழைய புத்தகங்களில் இவற்றுக்குத் “தேவதிரவிய அனுமானங்கள்” என்று பெயர். இப்போது “அருட்சாதனங்கள்” என்கின்றார்கள். ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நற்கருணை, பாவசங்கீர்த்தனம், நோயில் பூசுதல், குருத்துவம், மெய்விவாகம் என்பவை அவை. பிறந்ததுமுதல் சாகும்வரை மனிதனுடைய வாழ்க்கையில் எந்தத் திருப்பத்தையும் இந்த ஏழும் விட்டுவைக்கவில்லை. இதில் ஞானஸ்நானம் கைக்குழந்தைக்கே ஆகிவிடுகின்றது. அதற்கடுத்தது, பெரும்பாலும் மூன்றாவது நாலாவது வகுப்புப் படிக்கும்போது, முதல் பாவசங்கீர்த்தனமும் முதல் நற்கருணையும் ஆகும். இதைத்தான் ஜனங்கள் “புதுநன்மை வாங்குவது” என்கின்றார்கள்.

இதற்காகப் பிள்ளைகளைப் பல மாதம் பழக்குகின்றார்கள். ஜெபங்கள், பத்துக் கட்டளைகள், திருச்சபைக் கட்டளைகள், சாதனங்களின் பெயர்கள் எல்லாம் நெட்டுருப் போடவேண்டும். முந்திய தலைமுறையில் “சின்னக் குறிப்பிடம்” என்னும் சிறு வினாவிடைப் புத்தகத்தை மனப்பாடம் செய்யாமல் புதுநன்மை கிடையாது. அந்த நாளில் ஆண் பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை, பெண் பிள்ளைக்கு வெள்ளைக் கவுனும் முக்காடும், கையில் மெழுகுவர்த்தி. அதன்பின் வீட்டில் விருந்து. ஏழைத் தொழிலாளி கடன் வாங்கியாவது இதைச் செய்கின்றான்.

இந்த உபதேச முறை நேற்று வந்ததல்ல. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத் தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் ஜெபங்களைச் சொல்லிக் கொடுத்து, அவற்றை வீட்டிலுள்ள பெரியவர்களுக்குச் சொல்லும்படி அப்பிள்ளைகளையே ஏவினார். 1578-ல் அண்டிரிக் பாதிரியார் கொல்லத்தில் அச்சிட்ட “தம்பிரான் வணக்கம்” என்பதுதான் தமிழ் எழுத்தில் அச்சான பழைய புத்தகம். பதினாறே பக்கமுள்ள அதுவும் இந்த உபதேசப் புத்தகமேயாகும். வள்ளுவரும் தொல்காப்பியரும் ஏட்டில் கிடந்த காலத்தில், மீன்பிடிக்கிறவன் பிள்ளைக்கென்று ஒரு புத்தகம் அச்சாகியிருக்கின்றது. சூத்திரன் காதில் வேதம் விழுந்தால் ஈயத்தைக் காய்ச்சி ஊற்ற வேண்டும் என்று எழுதிவைத்தவர்கள் இருந்த நாட்டில், “வா, உட்கார், இதைக் கற்றுக்கொள்” என்று கடற்கரைப் பிள்ளையைக் கூப்பிட்டதை நாம் மறைக்கக்கூடாது. உள்ளதை உள்ளபடி சொல்லாதவன் பகுத்தறிவுக்காரன் ஆகமாட்டான்.

ஆனால் கூப்பிட்டவர்கள் கற்றுக்கொடுத்த விதம் என்ன? கேள்வியும் அவர்களுடையதே, பதிலும் அவர்களுடையதே! பிள்ளைக்கு மிச்சம் வாய் ஒன்றுதான். வினாவிடைப் புத்தகத்தில் பிள்ளை கேட்கும் வினாவுக்கு ஒரு வரிகூட இடம் கிடையாது. நம் திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் நெட்டுருப் போடவைத்த முறைக்கும் இதற்கும் பேதமில்லை.

ஏழு வயதில் என்ன புத்தி?

இனி வயதைப் பற்றிப் பார்ப்போம். 1215-ல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், புத்தி தெரிந்த வயது வந்த ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு தரமாவது பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்கா காலத்தில் நன்மை வாங்கவேண்டும் என்று விதித்தது. அந்த வயது எது என்பதில் ஊருக்கு ஊர் வித்தியாசமிருந்து, பல தேசங்களில் பத்து, பன்னிரண்டு, பதினான்கு வயதுவரை பிள்ளைகளை நிறுத்திவைத்திருந்தார்கள். 1910 ஆகஸ்டு 8-ந் தேதி பத்தாம் பத்திநாதர் என்னும் போப்பு ஓர் உத்தரவு போட்டு, ஏறக்குறைய ஏழு வயதே போதும், சாதாரண அப்பத்துக்கும் நற்கருணை அப்பத்துக்கும் பேதம் தெரிந்தால் சரி என்று தீர்த்துவிட்டார். 1983-ல் வெளியான திருச்சபைச் சட்டமும், ஏழு வயது நிறைந்தவனுக்குப் புத்தி உண்டென்றே கொள்ளவேண்டும் என்கின்றது.

சர்க்கார் சட்டம் என்ன சொல்லுகின்றது? ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்த எதுவும் குற்றமல்ல. ஏழுக்கு மேல் பன்னிரண்டுக்குள் இருக்கும் பிள்ளைக்கு, செய்த காரியத்தின் தன்மையை அறியும் பக்குவமில்லை என்றால் அதுவும் குற்றமல்ல. 1860-ம் வருஷத்துப் பீனல் கோடு சொன்னதையே, 2024 ஜூலை முதல் அமுலுக்கு வந்த புதுச் சட்டமும் சொல்லுகின்றது. பதினெட்டு வயதாகாமல் ஒருவன் ஓட்டுப்போட முடியாது. ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் செல்லாது. பத்து ரூபாய்க் கடன் பத்திரத்துக்குப் பற்றாத புத்தி, பரலோக ஒப்பந்தத்துக்கு மாத்திரம் எப்படிப் பற்றும் என்று நாம் கேட்கின்றோம்.

“இல்லை, ஏழு வயதுப் பிள்ளைக்குப் புத்தி உண்டு” என்றே அவர்கள் சொல்வார்களானால் நமக்கு ஆட்சேபணை இல்லை. சந்தோஷமாய் ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் நம்புவதற்குப் போதுமான புத்தி உண்டென்றால், சந்தேகப்படுவதற்கும் அதே புத்தி போதுமானதல்லவா? “இந்த அப்பம் எப்படிச் சரீரமாகும்?” என்று உபதேச வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து கேட்டால், அந்தப் பிள்ளைக்குத்தானே எல்லாரையும்விடப் புத்தி வந்திருக்கின்றது? அதை உட்காரச் சொல்லி அதட்டும் உபாத்தியாயர், போப்பின் உத்தரவில் கண்ட புத்தியையே அதட்டுகின்றார்.

பாவக் கணக்கு

நிற்க, முதல் பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்குப் போகுமுன் பிள்ளை தன் பாவங்களை எண்ணிப் பார்க்கவேண்டும். எட்டு வயதுப் பிள்ளை என்ன பாவம் செய்திருக்கும்? வெல்லத்தைத் திருடித் தின்றிருக்கும்; தங்கையைக் கிள்ளியிருக்கும்; வீட்டுக்கணக்குப் போடாமல் போட்டதாகச் சொல்லியிருக்கும். தன் நடத்தையைத் தானே நினைத்துப் பார்க்கும் பழக்கம் நல்ல பழக்கம்தான். பெரிய மனிதர்களுக்கே அது இல்லாத காலத்தில் பிள்ளைக்கு வருவதை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை.

ஆனால் கிள்ளு வாங்கியவள் தங்கை, மன்னிக்கிறவர் பாதிரியா? பக்கத்துப் பையன் பென்சிலை எடுத்துக்கொண்டவன் செய்யவேண்டிய முதல் காரியம், அந்தப் பென்சிலைத் திருப்பிக் கொடுப்பது. திருடியதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று அவர்கள் உபதேசத்திலும் இருக்கத்தான் இருக்கின்றது. அதை முதல் பாடமாக வையுங்கள் என்றுதான் சொல்லுகின்றோம். கடவுளுக்குக் கணக்குத் தீர்ப்பது சுலபம். அடுத்த வீட்டுக்காரனுக்குத் தீர்ப்பதுதான் கஷ்டம். கஷ்டமானதைச் சிறு வயதில் பழக்கினால்தான் பெரிய வயதில் வரும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. பெற்றோர்கள் கூச்சப்படாமல் கேட்கவேண்டும். ஒரு குழந்தை ஒரு பெரியவரோடு தனியே, மறைவில், பேசியதை வெளியே விடக்கூடாத முறையில் இருக்கும் ஏற்பாடு இது. பாதிரிமாரில் யோக்கியமானவர்கள் ஏராளம். ஆனால் ஏற்பாடு என்பது யோக்கியர்களை நம்பிச் செய்யப்படக்கூடாது. அயோக்கியனுக்கு இடமில்லாமல் செய்யப்படவேண்டும். ஆஸ்திரேலியாவில் குழந்தைகளுக்கு ஸ்தாபனங்களில் நேர்ந்த கொடுமைகளை விசாரித்த ராயல் கமிஷன் 2017-ல் கொடுத்த அறிக்கையில், குழந்தைகளின் பாவசங்கீர்த்தனம் திறந்த இடத்தில், வேறொரு பெரியவர் கண்ணுக்குத் தெரியும்படி நடக்கவேண்டும் என்று சிபார்சு செய்தது. நம் நாட்டிலும் 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி, குழந்தைக்குக் கெடுதி நேர்ந்தது தெரிந்தவர் எவரும் போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும், மறைப்பது குற்றம். இதைக் கத்தோலிக்கப் பெற்றோர்களே தங்கள் பங்குச் சாமியாரிடம் மரியாதையாகக் கேட்கலாம். கேட்பதனால் எந்த மதமும் இடிந்துவிடாது.

சம்மதம் யாருடையது?

மூன்றாவது கேள்வி சம்மதம். நம் அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு சிறுபான்மையோர் தங்கள் பள்ளிக்கூடங்களை ஏற்படுத்தி நடத்திக்கொள்ள உரிமை கொடுத்திருக்கின்றது. அந்த உரிமை இருக்கவேண்டியதே. ஆனால் அதே சட்டத்தின் 28-வது பிரிவு மூன்றாவது உட்பிரிவையும் படியுங்கள். சர்க்கார் அங்கீகாரமோ பண உதவியோ பெறும் எந்தப் பள்ளிக்கூடத்திலும், மாணவன் சிறுவனாயிருந்தால் அவனுடைய போஷகருடைய சம்மதமில்லாமல், மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி அவனைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று அது சொல்லுகின்றது. இது தயவல்ல, சட்டம். பல கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களில் தங்கள் பிள்ளைகளை மறைக்கல்விக்கும் மற்றப் பிள்ளைகளை நன்னெறி வகுப்புக்கும் பிரித்து அனுப்புகின்றார்கள். அது சரியான ஏற்பாடு என்று பாராட்டுகின்றோம். எங்கு அப்படியில்லையோ அங்கு ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதிக் கொடுப்பது பெற்றோர் கடமை.

ரோமாபுரியில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-ல், பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் பெற்றோர்களே என்றும், மத விஷயத்தில் யாரையும் நிர்ப்பந்திக்கக்கூடாது என்றும் தீர்மானித்திருக்கின்றது. ஆகவே நாம் கேட்பது அவர்களுக்குப் புதிதல்ல. பக்கத்துப் புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் தேசத்தில் 1882-லேயே சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளிலிருந்து மத போதனையை எடுத்துவிட்டு, வாரத்தில் ஞாயிறு தவிர இன்னொரு நாளை விடுமுறையாக்கி, வேண்டிய பெற்றோர்கள் வெளியே மத போதனை செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கத்தோலிக்க தேசமென்று பெயர் வாங்கிய அயர்லாந்தில், மிகப் பெரும்பாலான ஆரம்பப் பள்ளிகள் பாதிரிமார் கையில் இருந்தும்கூட, ஞானஸ்நான சர்டிபிகேட் இல்லாத பிள்ளையைக் கத்தோலிக்க ஆரம்பப் பள்ளி பின்தள்ளக்கூடாது என்று 2018-ல் சட்டம் செய்தார்கள். அங்கெல்லாம் மதம் செத்துப்போய்விடவில்லை. வீட்டுக்கும் கோவிலுக்கும் போயிற்று. அதற்குரிய இடமும் அதுதானே!

ஒரே அப்பம், இரண்டு பெயர்

தோழர்களே! எல்லாவற்றையும்விட மனதை வருத்தும் சங்கதிக்கு இனி வருகின்றோம். நன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு, “எல்லாரும் ஒரே அப்பத்தில் பங்குகொள்கின்றோம், ஆகவே எல்லாரும் ஒரே சரீரம்” என்று கற்பிக்கின்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கின்றது. ஆனால் திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய மாதாகோவில், வேளாளருக்கு ஒரு பக்கமும் நாடாருக்கு ஒரு பக்கமுமாய், நடுவில் சுவரோடு நின்றதை என்னவென்று சொல்லுவது? அந்தச் சுவர் இடிபட்டது 1910-ல். பிள்ளைக்கு ஏழு வயதில் புத்தி வந்துவிடும் என்று போப்பு கண்டுபிடித்த அதே வருஷத்தில்தான், பெரியவர்களுக்கு அந்தக் குறுக்குச்சுவரை இடிக்கும் புத்தி வந்தது! இந்திய பிஷப்புகளின் சபையே 2016-ல் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையில், சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டிருக்கின்றது. ஒப்புக்கொண்டது யோக்கியமான காரியம். அந்த ஒப்புதலைப் புதுநன்மை வகுப்பில் ஒரு பாடமாகச் சேர்த்தால் இன்னும் யோக்கியமாயிருக்கும்.

சர்க்காருடைய யோக்கியதை இதைவிட மேலானதா? 1950-ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவுப்படி ஷெட்யூல்டு வகுப்பார் என்பவர் இந்துவாக இருக்கவேண்டும். 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. சேரி மாறவில்லை, டீக்கடைக்காரன் பார்க்கும் பார்வை மாறவில்லை, சர்டிபிகேட் மாத்திரம் மாறிவிடுகின்றது! 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு ஷெட்யூல்டு வகுப்பு சர்டிபிகேட் கொடுக்கவேண்டியதில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. கோர்ட்டு எடுத்துக்காட்டிய ஆதாரங்களில் ஒன்று, அவர் கைக்குழந்தையாயிருந்தபோது பெற்ற ஞானஸ்நானம். பால் குடிக்கும் குழந்தையின் தலையில் ஊற்றிய தண்ணீர், முப்பது வருஷம் கழித்து அதன் உத்தியோகத்தைக் கழுவிவிட்டது.

இதனால் நடப்பதென்ன? பல ஏழைக் குடும்பங்களில் பிள்ளைக்குக் கோவிலில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர். காலையில் உபதேச வகுப்பில் “பொய் சொல்லாதே” என்னும் கட்டளையை அந்தப் பிள்ளை ஒப்பிக்கின்றது. மத்தியானம் அதே பிள்ளையின் அப்பன் பள்ளிக்கூடப் பாரத்தில், மதம் என்ற இடத்தில் வேறொன்றை எழுதிக் கையெழுத்துப் போடுகின்றான். அந்த அப்பனை நாம் குற்றம் சொல்லமாட்டோம். பிள்ளைக்குச் சோறா சத்தியமா என்று ஒருவனைத் தேர்ந்தெடுக்கச் செய்கின்ற சட்டத்தையும், அப்படி அவனை விட்டுவிட்டுப் பூசை செய்துகொண்டிருக்கும் மதத்தையும்தான் குற்றம் சொல்லுகின்றோம். கத்தோலிக்கத் தலித் தோழர்கள் இந்த உத்தரவை எதிர்த்துக் கிளர்ச்சி செய்யும்போது, கடவுளை நம்பாத நாம் அவர்கள் பக்கத்தில் நிற்கவேண்டும். நியாயத்துக்கு ஞானஸ்நானம் தேவையில்லை.

நம் வீட்டில் என்ன?

கடைசியாக ஒன்று சொல்லவேண்டும். கத்தோலிக்கத் தாய் தன் பிள்ளையை உட்காரவைத்துத் தன் கொள்கையைச் சொல்லிக்கொடுக்க மாதக்கணக்கில் பாடுபடுகின்றாள். கன்னியாஸ்திரீயும் உபதேசியாரும் ஞாயிற்றுக்கிழமையையும் விடாமல் வந்து நிற்கின்றார்கள். மேடையில் பகுத்தறிவு பேசும் எத்தனையோ வீடுகளில் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுக்கின்றார்கள்? அப்பன் கூட்டத்துக்குப் போய்விடுகின்றான். பாட்டி பிள்ளையைத் திருவேற்காட்டுக்கு அழைத்துக்கொண்டுபோய் மொட்டை அடித்துவிடுகின்றாள். “நம் பிள்ளையைக் கிறிஸ்தவப் பள்ளியில் கெடுத்துவிட்டார்கள்” என்று பிறகு கூச்சல் போடுவதில் என்ன பிரயோசனம்? காலியாய்க் கிடக்கும் நிலத்தில் எவனும் விதைப்பான்.

ஆகவே நாம் வேண்டிக்கொள்வது இவ்வளவுதான். கத்தோலிக்கத் தோழர்களே, உங்கள் பிள்ளைக்கு உங்கள் கொள்கையைச் சொல்ல உங்களுக்கு உரிமையுண்டு. பிள்ளை திருப்பிக் கேட்டால் அதட்டாதீர்கள். புதுநன்மைக்குக் கடன் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் புத்தகம் வாங்குங்கள். மற்ற மதப் பெற்றோர்களே, சம்மதமில்லாவிட்டால் எழுதிக்கொடுங்கள். எழுதிக்கொடுத்துவிட்டு அந்த ஆசிரியர்களுக்குரிய மரியாதையைக் குறைக்காதீர்கள். நம் இயக்கத் தோழர்களே, வாரத்தில் ஒரு மணி நேரம் உங்கள் தெருப் பிள்ளைகளைக் கூட்டி, கேள்வி கேட்கப் பழக்குங்கள். விஞ்ஞான மனப்பான்மையையும் ஆராயும் குணத்தையும் வளர்ப்பது பிரஜையின் கடமை என்று 1976-ல் அரசியல் சட்டத்தின் 51-ஏ பிரிவிலேயே எழுதியாகிவிட்டது. “கடவுள் இல்லை” என்பதையும் நெட்டுருப் போடவைக்காதீர்கள். நாமும் ஒரு சின்னக் குறிப்பிடம் செய்து கையில் கொடுத்தால், பாதிரியாருக்கும் நமக்கும் சட்டையின் நிறத்தில் மாத்திரமே பேதமிருக்கும்.

பிள்ளை வளர்ந்து, பதினெட்டு வயதில் தானே நினைத்துப் பார்த்து மாதாகோவிலுக்குப் போனால் போகட்டும். நம்மிடம் வந்தால் வரட்டும். எங்கே போனாலும் தன் காலால் நடந்து போகவேண்டும் என்பதே நம் ஆசை.